கள்ளிப்பாலுக்கு ஓர் ஊர், ஸ்கேனுக்கு எந்த ஊர்?

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் வழியில் உசிலம்பட்டி வரும். பூச்சந்தை உள்ள ஊர். முகூர்த்த நாள் நெருங்கினால் அங்கே மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போனது என்று நாளிதழ்கள் செய்தி போடும். ஆனாலும் சென்னையிலோ கோவையிலோ யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவராக இருந்தால் அவர் மனத்தில் முதலில் வருவது கள்ளிப்பாலாகத்தான் இருக்கும். ஒரு தாலுகாவின் பெயர் பெண் சிசுக்கொலை என்ற குற்றத்தின் பெயராகவே ஆகிப்போனது.

கருவில் இருப்பது பெண் என்று ஸ்கேன் பார்த்துத் தெரிந்துகொண்டு கலைத்துவிடும் வழக்கத்துக்கு அப்படி ஓர் ஊர்ப் பெயர் உண்டா? எண்ணிக்கையில் அது சிசுக்கொலையைப் பல மடங்கு விஞ்சியது. சிசுக்கொலை சில வட்டாரங்களோடு நின்றது என்றால் இது மாநிலம் மாநிலமாகப் பரவியது. இருந்தும் அதைச் சொன்னவுடன் நம் கண்முன் ஓர் ஊரோ தெருவோ சாதியோ முகமோ வருவதில்லை. மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகை வேண்டுமானால் நினைவுக்கு வரலாம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பெண் பிள்ளை வேண்டாம். ஒன்றில் கருவி வேலியோரம் வளரும் செடி, செலவு ஏதுமில்லை, செய்பவள் வீட்டுக் கிழவி. மற்றதில் கருவி விலை உயர்ந்த எந்திரம், செலவு ஆயிரங்கள், செய்பவர் பட்டம் பெற்றவர். இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு பத்திரிகையும் சினிமாவும் சட்டமும் அரசும் இரண்டையும் எப்படி நடத்தின என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஊடகம் ஒரு சமூகப் பிரச்சினையைப் பெரிதாக்கியது, சிறிதாக்கியது என்று நாம் வழக்கமாகப் பேசுகிறோம். அதைவிட முக்கியமான வேலை ஒன்றை அது செய்கிறது. அந்தப் பிரச்சினை யாருடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது.

உசிலம்பட்டியின் பெயரில் எழுதிக் கொடுத்தது 1980களின் நடுப்பகுதியில் நடந்தது. தமிழ் வார இதழ்கள் முதலில் எழுதின. 1986 ஜூனில் ஆங்கில இதழான இந்தியா டுடே அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பத்தாண்டுகளில் அந்தத் தாலுகாவில் சுமார் 6,000 பெண் சிசுக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றது அந்தக் கட்டுரை. அரசு மருத்துவமனையில் பிறந்து, பிறந்த கையோடு தாயுடன் காணாமல் போன பெண் குழந்தைகளின் கணக்கிலிருந்து போட்ட மதிப்பீடு அது. அதற்குப் பிறகு உசிலம்பட்டிக்கு நிருபர் வராத பருவமே இல்லை என்றாயிற்று. வெளிநாட்டுக் கேமராக்கள் வந்தன. கள்ளிப்பால், நெல்மணி, ஈரத்துணி என்று கொல்லும் முறைகள் ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டன. மண்சுவர், எருக்குழி, தலைகவிழ்ந்த தாய் என்று ஒரு மாதிரிப் படம் உருவாகி, அது பத்திரிகைக்குப் பத்திரிகை நகலெடுக்கப்பட்டது.

அந்தக் கட்டுரைகள் பொய் சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான், அதை வெளியே கொண்டுவந்த நிருபர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சிக்கல், அவை யாரைப் பற்றி எழுதின என்பதில் இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதற்கு முன்பே ஒரு முத்திரையைச் சுமந்தவர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஆண்கள் கைரேகை வைக்கவும் இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில்தான். சட்டம் ஒழிந்து நாற்பது ஆண்டு கழித்து வந்த நிருபருக்கு, 'இந்தச் சாதியின் வழக்கம்' என்று எழுத அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. படித்தவருக்கும் நம்பக் கடினமாக இல்லை. முன்பே குற்றவாளி என்று எழுதப்பட்ட வீட்டு வாசலில் இன்னொரு குற்றத்தைக் கொண்டுபோய் வைப்பது எளிது.

காரணங்களைப் பற்றியும் அந்த எழுத்துகள் பேசின, வரதட்சணை என்ற ஒற்றைச் சொல்லோடு. முன்பு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் கொண்ட சமூகத்தில் வரதட்சணை எப்போது, எப்படி நுழைந்தது என்பதுதான் சுவையான பகுதி. 1959இல் வைகை அணை வந்தபின் ஒரு பகுதிக்குப் பாசனம் கிடைத்தது, மறுபகுதி மானாவாரியாகவே நின்றது. பணம் வந்த வீட்டு மாப்பிள்ளைகளுக்கு விலை ஏறியது, வராத வீடுகளும் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தலைப்பிரசவம் என்று ஒவ்வொன்றுக்கும் செய்முறை. பெண்ணைப் பெற்ற வீட்டுக்குத் தீராத செலவு. இது புதுப்பணம் கொண்டுவந்த நோய். கட்டுரைகளைப் படித்தவர்கள் மனத்தில் தங்கியதோ இதற்கு நேர் எதிரான எண்ணம்: படிப்பறிவில்லாத மக்களின் பழைய காட்டுமிராண்டி வழக்கம். அப்படி எண்ணிக்கொண்டால் நகரத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தன் வீட்டில் கொடுத்து வாங்கிய வரதட்சணையைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியதில்லை.

உசிலம்பட்டியோடு இது நிற்கவில்லை என்பது அப்போதே தெரிந்த செய்தி. 1980களின் பிற்பகுதியில் வட ஆர்க்காடு மாவட்டம் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ஆய்வாளர்கள் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபெல், பார்பரா மில்லர் ஆகியோர் 12 கிராமங்களில், ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட மக்களிடையே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவுசெய்தார்கள். குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வாகத் தொடங்கியது அது. 12இல் 6 கிராமங்களில் பெண் சிசுக்கொலை நடப்பது அதில் தெரிய வந்தது. 1992இல் முடிவுகள் அச்சேறின. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் நிலை இன்னும் மோசம். அங்கே வேறு வேறு சாதிகளிலும், நிலபுலன் உள்ள குடும்பங்களிலும் அது இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் பெண் சிசு மரணங்களுக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதும் பழக்கமே இருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1995ஆம் ஆண்டின் அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் தமிழ்நாட்டில் சிசுக்கொலை எந்தெந்த வட்டாரங்களில் பரவியிருக்கிறது என்று காட்டினார்கள். சேலத்திலிருந்து தெற்கே மதுரை வரை நீண்ட பட்டை அது. ஆனால் கே.வி. குப்பத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. உசிலம்பட்டி கிடைத்துவிட்டதால் வேறு ஊர் தேவைப்படவில்லை.

1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. ரஹ்மானின் இசையோடு ஊர் ஊராக ஓடியது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. பெரியார்தாசன் நடித்த தந்தை பாத்திரம் தமிழ்த் திரையின் மறக்க முடியாத மனிதர்களில் ஒருவர். பத்திரிகைக் கட்டுரையில் இல்லாத ஒன்று அந்தப் படத்தில் உண்டு: கொல்லச் சொல்லும் தந்தையை அரக்கனாக்கிவிட்டு நகர்ந்துவிடாமல், அவன் வறுமையையும் பிற்கால மனமாற்றத்தையும் காட்டுகிறது. அந்த வகையில் அது நேர்மையான படம். ஆனாலும் அது மனத்தில் பதித்த நிலக்காட்சி அதே செம்மண், அதே கள்ளி. மருத்துவமனை வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் படித்த தம்பதியைத் தன் வில்லனாக்கிய, கருத்தம்மா அளவுக்கு நினைவில் நின்ற தமிழ்ப் படத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தியில் எடுத்தவர்களும் கிராமத்துக்கே போனார்கள். பெண்களே அருகிப்போன ஒரு நாட்டைக் கற்பனை செய்த மனீஷ் ஜாவின் 'மாத்ருபூமி' (2003) ஒரு குக்கிராமத்தில் நடக்கிறது. 2022இல் வந்த 'ஜயேஷ்பாய் ஜோர்தார்' நேரடியாக ஸ்கேன் பரிசோதனையைப் பற்றிய படம். அதன் களமும் குஜராத் கிராமம், வில்லன் தலைப்பாகை கட்டிய ஊர்த் தலைவர். மக்கள்தொகைக் கணக்கு சொல்வது வேறு. 2001இல் இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குக் கிராமப்புறத்தில் 934 பெண் குழந்தைகள், நகரத்தில் 906. பணமும் படிப்பும் உள்ள இடத்தில்தான் குறைவு அதிகம். தலைநகர் டெல்லியில் அது 868. கேமரா மட்டும் கிராமத்தை விட்டு வர மறுக்கிறது.

இனி அந்த ஸ்கேன் அறைக்குள் போவோம். இங்கே ஊடகத்தின் முதல் வேடம் நிருபர் வேடம் அல்ல, விற்பனையாளர் வேடம்.

1970களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பனிக்குட நீரை எடுத்துக் கருவின் மரபணுக் குறைகளைக் கண்டறியும் சோதனை தொடங்கியது. ஆணா பெண்ணா என்பதும் அதில் தெரியும் என்று தெரிந்ததும் வந்தவர்களில் பலர் வேறு எதையும் கேட்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசு மருத்துவமனைகளில் இது தடுக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. அமிர்தசரஸிலும் பம்பாயிலும் விளம்பரங்கள் வெளிப்படையாக வந்தன. நாளிதழ்களில், சுவர்களில், பம்பாய் மின்ரயில் பெட்டிகளுக்குள் கூட. இன்றைக்குச் சில நூறு செலவழித்தால் நாளைக்கு வரதட்சணையில் லட்சங்கள் மிச்சம் என்ற பொருளில் அந்த வாசகங்கள் இருந்தன. உசிலம்பட்டித் தாயின் மனத்தில் ஓடிய அதே கணக்கு இது. அவள் சொன்னபோது அது கொடூரம். அச்சில் விளம்பரமாக வந்தபோது குடும்பத் திட்டமிடல். பத்திரிகைகள் அந்த விளம்பரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டன. உசிலம்பட்டியைப் பற்றிய கட்டுரை ஒரு பக்கத்திலும் இந்த விளம்பரம் மறுபக்கத்திலும் வந்திருக்கக்கூடிய காலம் அது.

இதை எதிர்த்தவர்கள் முதலில் பெண்கள் அமைப்புகள். பம்பாயில் பாலினத் தேர்வுக்கு எதிராக உருவான கூட்டமைப்பின் அழுத்தத்தால் 1988இல் மகாராஷ்டிரம் சட்டம் கொண்டுவந்தது. மத்தியச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வந்ததே தவிர, காகிதத்தில் கிடந்தது. 2000இல் இரண்டு அமைப்புகளும் ஒரு தனிமனிதரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தத் தனிமனிதர், கே.வி. குப்பத்தில் பிறப்பு இறப்பு எண்ணிய அதே சாபு ஜார்ஜ். இரண்டு குற்றங்களையும் ஒரே கண்ணால் பார்த்த வெகு சிலரில் ஒருவர் அவர். அந்த வழக்கில் நீதிமன்றம் எந்திரம் விற்ற நிறுவனங்களிடம் கடந்த ஐந்தாண்டில் யார் யாருக்கு விற்றீர்கள் என்ற பட்டியலைக் கேட்டது. ஸ்கேனுக்கும் முகவரி உண்டு என்பது அப்போது தெரிந்தது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் விற்பனைச் சீட்டு இருந்தது, வாங்கியவர் பெயர் இருந்தது, தெரு இருந்தது. கள்ளிச்செடிக்கு அப்படி எந்தப் பதிவேடும் கிடையாது. கண்டுபிடிக்க எளிதான குற்றத்தைத் தேடிப் பத்திரிகைகள் அதிகம் போகவில்லை, நீதிமன்றம் கேட்கும் வரை.

இரண்டு குற்றங்களையும் சட்டம் நடத்திய விதத்தில் உள்ள முரண் இன்னும் ஆழமானது. சிசுக்கொலை கொலைக் குற்றம். போலீஸ் ஊருக்குள் வந்தால் பிடிப்பது யாரை? பிரசவித்த தாயை, அவள் மாமியாரை. 1990களில் உசிலம்பட்டி வட்டாரத்தில் தாய்மார்கள் மீது கொலை வழக்குகள் பதிவாயின. ஆயுள் தண்டனையும் விழுந்தது. கணவனும் வரதட்சணை வாங்கிய சம்பந்தி வீடும் வழக்கில் அரிதாகவே வந்தார்கள். மறுபுறம் பாலினத் தேர்வுச் சட்டத்தைப் பாருங்கள். சோதனைக்குப் போன பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்று அது சொல்கிறது. மிகச் சரியான, மனிதத்தன்மை உள்ள விதி. அதே கட்டாயம் உசிலம்பட்டித் தாய்க்கும் இருந்தது. அவளுக்காக அப்படிக் கருதச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. சோதனை செய்த மருத்துவருக்கு முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டு கழித்து, 2006 மார்ச்சில்தான் ஹரியாணாவின் பல்வலில் ஒரு மருத்துவருக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மருத்துவர் சிறைத் தண்டனை பெற்றது அதுவே முதல் முறை என்று பெரிய செய்தியானது.

2006ஐ இன்னும் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்கலாம். அந்த ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் பிரபாத் ஜா குழுவினரின் கட்டுரை வந்தது. பாலினத் தேர்வால் இந்தியாவில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பெண் பிறப்புகள் இல்லாமல் போகின்றன என்று அது மதிப்பிட்டது. உடனே இந்திய மருத்துவச் சங்கம் மறுத்தது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்றது. கட்டுரையைப் போலவே மறுப்பும் நாளிதழ்களில் வந்தது. மறுக்கட்டும், மதிப்பீடு என்றால் விவாதத்துக்கு உரியதுதான். ஆனால் இருபது ஆண்டு முன்பு 6,000 என்று ஒரு தாலுகாவைப் பற்றி மதிப்பிட்டபோது, அதை மறுக்க உசிலம்பட்டிப் பெண்களுக்குச் சங்கம் இருந்ததா, டெல்லியில் அலுவலகம் இருந்ததா, நிருபரைத் தொலைபேசியில் அழைக்க ஒரு செயலாளர் இருந்தாரா? ஊடகம் யாரைப் பற்றி எதை எழுதும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பதில் சொல்லும் வசதிக்கு உள்ள பங்கை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

அந்த ஆண்டின் மற்ற நிகழ்வு, சஹாரா சமய் தொலைக்காட்சிக்காக ராஜஸ்தானில் இரண்டு செய்தியாளர்கள் நடத்திய ரகசியக் கேமரா விசாரணை. கர்ப்பிணிப் பெண்களை அழைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கேமராவில் சிக்கினார்கள். ஸ்கேனுக்கு முகம் கிடைத்த அரிய தருணம் அது. பிறகு என்ன ஆயிற்று? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. சாட்சி சொல்ல நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தவர்கள் அந்தச் செய்தியாளர்களே. 2012 மே 6 அன்று ஒளிபரப்பான 'சத்யமேவ ஜயதே' முதல் நிகழ்ச்சியில் ஆமிர் கான் இதைத்தான் எடுத்துக்கொண்டார். இதைச் செய்பவர்கள் யார் என்று கேட்டு, ஏழைகள், கிராமத்தார் என்ற எண்ணத்தை உடைத்து, பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்தின் மீதே விரலைத் திருப்பினார். தமிழிலும் அது வந்தது. அடுத்த சில நாட்களில் ராஜஸ்தான் முதல்வரைச் சந்தித்து, தேங்கிய வழக்குகளுக்கு விரைவு நீதிமன்றம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கண்ணீரோடு பார்த்த ஒரு நாடு அடுத்த வாரம் அடுத்த தலைப்புக்கு நகர்ந்தது என்று கேலி பேசியவர்கள் உண்டு. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். முதல் முறையாகப் பிரச்சினையின் பட்டா சரியான பெயருக்கு மாற்றப்பட்டது. ஒரு நிகழ்ச்சியால் அதற்கு மேல் செய்ய முடியாது.

இதற்கிடையில் விளம்பரம் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. ரயில் பெட்டியிலிருந்து தேடுபொறிக்கு. பாலினத் தேர்வு பற்றித் தேடினால் பணம் கொடுத்த விளம்பரங்கள் வந்து நின்றன. 2008இல் சாபு ஜார்ஜ் மறுபடி உச்ச நீதிமன்றம் போனார், இந்த முறை கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மீது. எங்கள் தளத்தில் வருவதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தோடு பல ஆண்டுகள் கடந்து, 2016, 2017 வாக்கில்தான் அவற்றைத் தடுக்கும் உத்தரவுகள் நடைமுறைக்கு வந்தன.

அரசு விளம்பரத்தைப் பற்றி ஒரு வரி போதும். 2015 ஜனவரியில் பானிபட்டில் தொடங்கிய 'பேட்டி பச்சாவோ, பேட்டி படாவோ' திட்டத்துக்கு 2016 முதல் 2019 வரை ஒதுக்கப்பட்ட பணத்தில் ஏறக்குறைய 79 விழுக்காடு ஊடகப் பிரசாரத்துக்கே போனது என்று நாடாளுமன்றக் குழு 2021இல் சுட்டிக்காட்டியது.

பிரசாரம் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. தர்மபுரி அதற்கு எதிர்ச்சாட்சி. 1997 முதல் 1999 வரை டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதியாக அந்த மாவட்டத்தில் கலைப்பயணம் நடந்தது. உள்ளூர்க் கலைஞர்கள் குழு குழுவாகப் பயிற்சி பெற்று ஊர் ஊராகப் போய்த் தெரு நாடகம் போட்டார்கள். பறையடித்துக் கூட்டம் சேர்க்கும் இந்த ஊடகத்துக்கும் அட்டைப்படக் கட்டுரைக்கும் உள்ள வேறுபாட்டை யோசிக்க வேண்டும். அட்டைப்படக் கட்டுரை தர்மபுரிப் பெண்ணைப் பற்றி டெல்லிக்காரரிடம் பேசுகிறது. அவள் அதைப் படிக்கப்போவதில்லை. தெரு நாடகம் அவளிடமே பேசுகிறது, அவள் மொழியில், அவள் மாமியாரும் கணவனும் பக்கத்தில் நிற்கும்போது. நாடகம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம், கோபப்படலாம், 'எங்க ஊர்ல யாரு அப்படிச் செஞ்சா?' என்று சண்டைக்கு வரலாம். கேட்பவருக்குப் பதில் சொல்லும் உரிமை அந்த ஊடகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன்பின் அந்த மாவட்டத்தில் சிசுக்கொலை குறைந்ததை ஆத்ரேயாவும் சுங்கத்தும் பதிவுசெய்தார்கள். நாடகம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர்களின் கண்காணிப்பு, குடும்பம் சிறுத்தது, பெண்கள் வேலைக்குப் போனது எல்லாம் உண்டு. ஆனாலும் 2001இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 என்று மாநிலத்தின் அடிமட்டத்தில் இருந்த தர்மபுரி 2011இல் 900ஐத் தாண்டியது. 1991இல் 849ஆக இருந்த சேலமும் அப்படியே ஏறியது.

ஸ்கேன் அறைக்கு இப்படி ஒரு நாடகம் போட முடியுமா? கிராமத்துச் சிசுக்கொலை ஊரறிந்த ரகசியம். எல்லாருக்கும் தெரிந்ததை நாடகம் வெளியே பேச வைத்தது. ஸ்கேன் அறையில் நடப்பது அந்த மருத்துவருக்கும் அந்தத் தம்பதிக்கும் மட்டுமே தெரியும். வடக்கே லட்டு என்றும் ஜிலேபி என்றும் சங்கேதம் வைத்துக்கொண்டார்கள். பல இடங்களில் ஒரு புன்னகையே போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கருச்சிதைவு என்று சொன்னால் முடிந்தது, ஆறுதலும் கிடைக்கும். ஊரின் கண் எட்டாத இடத்தில் ஊரின் வாய்க்கு வேலை இல்லை. அதனால்தான் இங்கே பதிவேடும் தணிக்கையும் முக்கியமாகின்றன. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும் என்ற விதியை மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு எதிர்த்து வழக்காடியதும், எழுத்துப் பிழைக்கெல்லாம் குற்றவாளியாக்குகிறார்கள் என்ற அவர்கள் குறை நாளிதழ்களில் அனுதாபத்தோடு வந்ததும், 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை அப்படியே நிலைநிறுத்தியதும் இந்தப் பின்னணியில்தான். நேர்மையான மருத்துவர்களுக்கு அந்தப் படிவம் தொல்லை என்பது உண்மை. உசிலம்பட்டியில் நேர்மையான தாய்மார்களும் பல ஆண்டுகள் கர்ப்பமானால் கண்காணிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. அதைத் தொல்லை என்று எந்த நாளிதழும் எழுதவில்லை.

இன்னொரு பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். கருவில் இருக்கும் பெண் குழந்தை கையெடுத்துக் கும்பிட்டு 'அம்மா, என்னைக் கொல்லாதே' என்பது போன்ற சுவரொட்டிகள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. சிசுக்கொலைக்காக உருவான உணர்ச்சியை அப்படியே தூக்கிக் கருவின் மேல் வைத்தவை இவை. இதனால் எந்தக் கருக்கலைப்பும் கொலைதான் என்ற எண்ணம் பரவி, 1971இலிருந்து சட்டபூர்வமான உரிமையை வேறு காரணத்துக்காகக் கேட்டு வரும் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது. அந்தச் சுவரொட்டி பேசுவதும் தாயிடம்தான். பணம் வாங்கிக்கொண்டு புன்னகைத்த மருத்துவரிடமோ, செலவைக் கணக்கிட்ட கணவனிடமோ அந்தக் குழந்தை எதுவும் கேட்பதில்லை.

மனப்பான்மை அரசின் கையை எப்படி நகர்த்துகிறது என்பதற்குத் தொட்டிலே சான்று. 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்ல வேண்டாம், அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்பது அதன் சாரம். பெண்ணைப் பெற்றுக் கைவிடுவதற்கு அரசே வழிசெய்கிறது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. ஆனாலும் பிறந்த குழந்தையின் உயிர் ஊசலாடும் இடத்தில் அந்தத் தொட்டிலுக்கு ஒரு நியாயம் இருந்தது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கு அது விரிந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதனால் வளர்ந்திருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற மாநிலச் சராசரி அசையவே இல்லை: 942 என்பது 943 ஆகியிருந்தது. உள்ளே மட்டும் இடம் மாறியிருந்தது. சேலமும் தர்மபுரியும் ஏற, பத்தாண்டு முன்பு 950ஐ ஒட்டியிருந்த கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே விழுந்திருந்தன. சிசுக்கொலைக்கு அறியப்படாத மாவட்டங்கள் இவை. அங்கே பத்தாண்டுக்குள் இத்தனை வேகத்தில் எண்ணிக்கை சரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கேன் மையங்களைத்தான். அரசு அதே ஆண்டு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்குத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை விரிவுபடுத்தியது. பெண் குழந்தைகள் குறைகிறார்கள் என்றதும் கோட்டையில் இருந்தவர்கள் மனத்திலும் உசிலம்பட்டிதான் வந்து நின்றிருக்கிறது. பிறக்கவே விடப்படாத குழந்தைகளுக்காக ஐந்து மாவட்டங்களில் தொட்டில் கட்டினார்கள். அந்த மாவட்டங்களின் ஸ்கேன் மையங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பேரின் 'எஃப்' படிவத்தை யார் படித்தார்கள் என்ற கேள்வி எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை.